கோழிக்கூட்டு உண்ணியும் 606-ஆம் நம்பர் மருந்தும்

இன்னைக்குக் கொஞ்சம் நீளமான திரி. சாப்பிட்டு முடிச்சு சாவகாசமா உட்கார்ந்து படிங்க. சாப்பிட்டது முட்டையா இருந்தா இன்னும் பொருத்தம்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் நைட் டூட்டி. ஏழு மணி இருக்கும். ஆறு வயசுப் பையன் ஒருத்தனைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வாயில் எச்சில் ஒழுகுது. உடம்பெல்லாம் வேர்வை. ரெண்டு தடவை வாந்தி. டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தேன். கண்மணி ரெண்டும் குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. சட்டையில் ஒரு வாசம். கிராமத்தில் வேலை பார்த்த எந்த டாக்டருக்கும் அந்த வாசம் மறக்காது.

பூச்சிமருந்து.

"குடிச்சானா?"ன்னு கேட்டேன். கூட வந்த பாட்டி தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்: "குடிக்கல சாமி. கோழிக்கூட்டுக்குள்ள முட்டை எடுக்கப் புகுந்தான். கூட்டுல செள்ளு. சாயங்காலந்தான் மொளகாச் செடிக்கு வாங்குன மருந்த அதுல ஊத்துனேன்."

உடனே சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்க சோப்புப் போட்டுக் கழுவி, அட்ரோபின் ஆரம்பித்தோம். விடியற்காலையில் பையன் கண்ணைத் திறந்து இட்லி கேட்டான். பிழைத்துவிட்டான். அதனால்தான் இந்தக் கதையை நான் நிம்மதியாகச் சொல்ல முடிகிறது.

காலையில் பாட்டியிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "ஏன் ஆத்தா, செள்ளு கோழி மேலதானே இருக்கு? கூட்டுல எதுக்கு ஊத்துனீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கோழி மேல இருந்தா நான் எடுத்துப் போட மாட்டனா? பகல்ல கோழியத் தூக்கி எறக்கைய விரிச்சுப் பாத்தா ஒண்ணுமே இருக்காது. பொழுது போனாத்தான் செவுத்துல இருந்து எறங்குது. கோழி கூட்டுக்குள்ள போகவே மாட்டேங்குது. முருங்க மரத்துல ஏறி உக்காந்துக்குது."

எனக்கு வாயடைத்துப் போச்சு. அந்த அம்மா சொன்னதைத்தான் 1903-ல் ரெண்டு விஞ்ஞானிகள் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவில் உட்கார்ந்து கண்டுபிடித்து, பாரிஸ் ஆய்விதழில் எழுதினார்கள். அந்தக் கோழிக்கூட்டிலிருந்து கிளம்பிய ஒரு விஷயம் ஏழே வருஷத்தில் மனுஷனுக்கான ஒரு மருந்தாக வந்து நின்றது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன்.

அதுக்கு முன்னால் செள்ளு பற்றிக் கொஞ்சம். நம்ம ஊரில் கோழி உடம்பில் ஊர்வது எல்லாவற்றுக்கும் செள்ளு, தெள்ளு, பேன், உண்ணின்னு கைக்கு வந்த பேரைச் சொல்லிடுறோம். ஆனால் வைத்தியம் பார்க்கப் போனால் ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: இது கோழி மேல குடியிருக்கா, இல்ல ராத்திரி மட்டும் வந்துட்டுப் போகுதா?

பேன் கோழி மேலேயே பிறந்து கோழி மேலேயே சாகிற ஜாதி. ஆசனவாயைச் சுற்றி இறகை ஒதுக்கினால் வெளிர்மஞ்சளாக ஓடும். இறகின் அடித்தண்டில் ஈர் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். கோழியை விட்டு இறங்கினால் ஒரு வாரம்கூடத் தாங்காது. கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கடுகைத் தூவினாற்போல் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருப்பது ஒட்டுத்தெள்ளு. காலில் செதில் தூக்கி, சுண்ணாம்பு பூசினாற்போல் தடித்துப் போயிருந்தால் தோலுக்குள் குடையும் கால் செள்ளு. இவையெல்லாம் பகலிலேயே அகப்படும் திருடர்கள்.

பாட்டி சொன்னது வேற கூட்டம். அதில் ரெண்டு பேர். ஒண்ணு சிவப்புச் செள்ளு. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இரத்தம் குடித்தால் சிவப்பு, குடிக்காவிட்டால் சாம்பல் நிறம். இன்னொண்ணு கோழி உண்ணி. துவரம்பருப்பு அளவு இருக்கும், தட்டையாக, தோல் போன்ற உடம்போடு. ரெண்டுமே பகலில் சுவர் வெடிப்பிலும் மூங்கில் கணுவிலும் பலகை இடுக்கிலும் ஒளிந்திருக்கும். இருட்டியதும் இறங்கும். குடிக்கும். விடியுமுன்னே திரும்பிப் போய்விடும். உண்ணியின் குஞ்சுகள் மட்டும் விதிவிலக்கு. ஆறு காலோடு இறக்கைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு வாரம் போல அங்கேயே கிடக்கும்.

சிவப்புச் செள்ளு மாதக்கணக்கில் பட்டினி தாங்கும். உண்ணி வருஷக்கணக்கில் தாங்கும். "கூட்டைக் காலி பண்ணி ஆறு மாசம் போட்டு வெச்சேன் டாக்டர், திரும்ப கோழி விட்டதும் வந்துருச்சு"ன்னு யாராவது சொன்னால் நம்புங்க.

இப்போ வரலாற்றுக்கு வருவோம்.

1891-ல் காகசஸ் மலைகளுக்குத் தெற்கே பெருவாத்துக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சகாரோஃப் என்ற ரஷ்ய மருத்துவர் அவற்றின் இரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, பாட்டில் திறக்கும் கருவியின் முறுக்குக் கம்பி மாதிரி சுருள் சுருளாக ஒரு கிருமி நெளிந்துகொண்டிருந்தது. எப்படி ஒரு வாத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது என்று தெரியவில்லை.

பத்து வருஷம் கழித்து, பாரிஸின் பாஸ்டர் நிறுவனம் மூன்று பேரை ரியோவுக்கு அனுப்பியது. எமில் மார்ஷூ, சலிம்பேனி, பால் லூயி சிமோன். கடைசிப் பேரை நாம் மறக்கக் கூடாது. 1898-ல் கராச்சியில் எலியையும் தெள்ளுப்பூச்சியையும் வைத்து, பிளேக் நோயைப் பரப்புவது எலியின் தெள்ளுதான் என்று காட்டியவர் அவர். அப்போது பெரும்பாலான பேர் அவரை நம்பவில்லை, அது தனிக் கதை.

மூவரும் போனது மஞ்சள் காய்ச்சலை ஆராய. ஆனால் ரியோவில் இன்னொரு கொள்ளை நோயும் நடந்துகொண்டிருந்தது. கோழிகளுக்கு. காய்ச்சல், இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கி நிற்பது, பச்சைக் கழிச்சல், கால் இழுத்துப் போவது, சாவு. இரத்தத்தைப் பார்த்தால் சகாரோஃப் சொன்ன அதே சுருள் கிருமி.

மார்ஷூவும் சலிம்பேனியும் கோழியைப் பார்த்ததோடு நிறுத்தவில்லை, கூட்டையும் பார்த்தார்கள். இடுக்கில் உண்ணிகள். நோய்க் கோழியைக் கடித்த உண்ணிகளை எடுத்து நல்ல கோழி மேல் விட்டார்கள். நல்ல கோழி படுத்தது. 1903-ல் எழுதி வெளியிட்டார்கள்.

இன்னைக்குப் படித்தால் சாதாரணமாகத் தெரியும். அன்னைக்கு அப்படி இல்லை. சுருள் கிருமி ஒன்றை ஒரு பூச்சி இனம் கடித்துப் பரப்புகிறது என்பதற்கு அதுதான் முதல் தெளிவான நிரூபணம். அடுத்த ரெண்டு வருஷத்துக்குள் ஆப்பிரிக்காவில் மனிதர்களின் மீள்காய்ச்சலையும் உண்ணிதான் பரப்புகிறது என்று காட்டினார்கள். அதில் ஒருவரான ஜோசஃப் டட்டன் அதே காய்ச்சல் தொற்றி 1905-ல் காங்கோவில் இறந்தார். இளம் வயதிலேயே. 1980-களில் அமெரிக்காவில் லைம் நோய்க்குக் காரணமாகக் கண்டுபிடித்ததும் இதே குடும்பத்துக் கிருமி, பரப்புவதும் உண்ணி. எல்லாவற்றுக்கும் மூத்த அக்கா நம்ம கோழிக் கிருமிதான்.

சரி, இதில் மனுஷனுக்கு மருந்து எங்கே வந்தது?

1905-ல் பெர்லினில் ஷௌடினும் ஹாஃப்மனும் சிபிலிஸ் நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் சுருள்.

சிபிலிஸ் என்றால் இந்தத் தலைமுறைக்கு ஏதோ பரீட்சைக் கேள்வி. நம்ம கொள்ளுத்தாத்தா காலத்தில் அது ஊர் ஊராகக் குடும்பங்களைத் தின்ற நோய். தமிழில் பறங்கிப்புண் என்று அதற்குப் பேர். கப்பலில் வந்த பறங்கியர் கொண்டுவந்தது என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறோம். முதலில் ஒரு புண். அது தானே ஆறிவிடும். பல வருஷம் கழித்து மூக்கெலும்பு அமுங்கும், இதயத்தின் பெருங்குழாய் வீங்கும், புத்தி பேதலிக்கும். பெற்றவளிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். இங்கேயும் ஐரோப்பாவிலும் பாதரசம்தான் வைத்தியம். பல் ஆடி விழும், வாய் வெந்து எச்சில் ஊற்றும். எச்சில் ஊற்றினால் மருந்து வேலை செய்கிறது என்று அந்தக் கால வைத்தியர்கள் சந்தோஷப்பட்டார்கள்!

கிருமியைக் கண்டுபிடித்தாச்சு. மருந்து தேடணும். ஆனால் சிபிலிஸ் கிருமியை அப்போது ஆய்வகக் குப்பியில் வளர்க்க முடியவில்லை. முயலுக்கு ஏற்றலாம், ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்கணும். நூற்றுக்கணக்கான ரசாயனங்களைச் சோதிக்க அது கட்டுப்படியாகாது.

இங்கேதான் கோழி உள்ளே வருது. அதே மாதிரி சுருள் கிருமி. ரெண்டு மூணு நாளில் இரத்தத்தில் திரளும். மருந்தைப் போட்டுவிட்டு ஒரு சொட்டு இரத்தம் எடுத்தால் கிருமி இருக்கா, போச்சான்னு அன்னைக்கே தெரியும். கோழியும் விலை மலிவு.

1907-ல் ஜெர்மனியில் உஹ்லன்ஹூத் என்பவர் அடாக்ஸில் என்ற ஆர்சனிக் மருந்தைக் கோழிகளுக்குக் கொடுத்தார். ஆர்சனிக் என்றால் நம்ம பாஷாணம்தான். கோழிகள் தேறின. அட, இது சுருள் கிருமியைக் கொல்கிறதே என்று அவருக்கும் மற்றவர்களுக்கும் சிபிலிஸ் மேல் நம்பிக்கை பிறந்தது.

ஆனால் அடாக்ஸில் என்ற பேரைக் கவனிங்க. விஷமில்லாதது என்று அர்த்தம் வருகிற மாதிரி வைத்த பேர். அதே சமயம் விக்டோரியா ஏரித் தீவுகளில் தூக்க நோய்க்காக ராபர்ட் கோக் அந்த மருந்தைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆமா, காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த அதே கோக். அளவைக் கூட்டியதும் இருபதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கண் போயிற்று. பார்வை நரம்பு பட்டுப்போனது, திரும்பவே இல்லை. வந்த நோய்க்குக் கொடுத்த மருந்து கண்ணைப் பறித்தது.

ஃபிராங்க்ஃபர்ட்டில் பால் எர்லிக் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். சுருட்டுப் பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே அலைகிற மனுஷன். 1908-ல் நோபல் பரிசு வாங்கியது வேறொரு வேலைக்காக. அவருடைய சிந்தனை எளிமையானது: கிருமியைக் கொல்லும் மருந்து உலகத்தில் ஆயிரம் இருக்கு, அடுப்பு நெருப்பும் கிருமியைக் கொல்லும்தான். கிருமியைக் கொல்ல எவ்வளவு வேணும், உடம்பு எவ்வளவு தாங்கும்? இந்த ரெண்டு அளவுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கு என்பதுதான் மருந்து. அந்தத் தூரம் இல்லையென்றால் அதுக்குப் பேர் விஷம்.

அவருடைய வேதியியலாளர் ஆல்ஃபிரட் பெர்ட்ஹைம் அடாக்ஸிலின் அமைப்பை மாற்றி மாற்றிப் புதுப் பொருள்கள் செய்துகொண்டே இருந்தார். ஒவ்வொன்றுக்கும் நம்பர். 606-ஆம் நம்பர் 1907-லேயே தயாராகிவிட்டது. அதைச் சோதித்த உதவியாளர் பிரயோஜனமில்லை என்று ஓரமாக வைத்துவிட்டார். ரெண்டு வருஷம் அலமாரியில் தூங்கிச்சு.

1909-ல் டோக்கியோவிலிருந்து சஹாசிரோ ஹாட்டா வந்தார். கிடாசாடோவின் மாணவர். முயலுக்கு சிபிலிஸ் ஏற்றும் கைப்பக்குவம் தெரிந்தவர். முக்கியமாக, பொறுமைசாலி. "ஒதுக்கி வெச்சதையெல்லாம் முதல்ல இருந்து திரும்பப் பாரு" என்றார் எர்லிக். ஹாட்டா ஒவ்வொரு நம்பரையும் மூன்று இடத்தில் சோதித்தார்: எலிகளில் மீள்காய்ச்சல், கோழிகளில் ரியோவின் அந்த உண்ணிக் காய்ச்சல், முயல்களில் சிபிலிஸ்.

606 மூன்றிலும் ஜெயித்தது. கோழியில் ஜெயித்ததுதான் அசர வைத்தது. ஒரு கோழி தாங்கக்கூடிய அளவில் 58-ல் ஒரு பங்கு கொடுத்தாலே போதும், இரத்தத்தில் கிருமி காலி. எர்லிக் தேடிக்கொண்டிருந்த தூரம் அதுதான். முயலில் அந்த தூரம் இவ்வளவு பெரிதாக இல்லை. மனிதனில் இன்னும் கவனம் வேணும் என்று அவருக்கே தெரியும். ஆனாலும் கண்ணைப் பறித்த அடாக்ஸிலோடு ஒப்பிட்டால் இது வேற உலகம்.

1910 ஏப்ரலில் வீஸ்பாடன் நகரில் நடந்த மருத்துவ மாநாட்டில் அறிவித்தார்கள். உலகமே ஃபிராங்க்ஃபர்ட் வாசலில் நின்றது. விற்பனைக்கு வரும் முன்னால் 65,000 டோஸ் வரை டாக்டர்களுக்கு இலவசமாக அனுப்பி, என்ன ஆச்சுன்னு பதில் எழுதச் சொல்லிக் கேட்டார் எர்லிக். அதே வருஷம் சால்வர்சான் என்ற பேரில் கடைக்கு வந்தது. குறிப்பிட்ட ஒரு கிருமிக் குடும்பத்தைக் குறிவைத்து, ஆய்வகத்தில் வரிசையாகச் செய்து, வரிசையாகச் சோதித்து எடுத்த முதல் நவீன மருந்து என்று இதைத்தான் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன.

புகழ்ந்துகொண்டே போக மாட்டேன். சால்வர்சான் லேசுப்பட்ட மருந்து இல்லை. காற்றுப் பட்டால் கெட்டுப்போய் நச்சு கூடும், அதனால் காற்று நீக்கிய கண்ணாடிக் குப்பியில் உருக்கி மூடி வந்தது. போடும் நேரத்தில் கரைத்து, காரம் சேர்த்துச் சமன் செய்து, நரம்பு வழியாக மெல்ல ஏற்றணும். தப்பாகக் கரைத்தவர்கள் கையில் நோயாளிகள் செத்தார்கள். எர்லிக்கைத் திட்டி எழுதினார்கள், வழக்கு வரைக்கும் போச்சு. 1912-ல் கொஞ்சம் சாதுவான நியோசால்வர்சான் வந்தது. 1943-ல் அமெரிக்காவில் ஜான் மஹோனி நாலு சிபிலிஸ் நோயாளிகளுக்குப் பெனிசிலின் போட்டுக் குணமாக்கிக் காட்டினார். பாஷாண வைத்தியம் அதோடு மெல்ல விடைபெற்றது.

கோழிக்கு அந்த உண்ணிக் காய்ச்சல் வந்தால் கால்நடை மருத்துவர் இன்னைக்குப் போடுவதும் பெனிசிலின்தான். பச்சையாகக் கழிந்து இறக்கை தொங்கிப் போனால் நம்ம ஊரில் எல்லாரும் வெள்ளைக்கழிச்சல் என்று முடிவு கட்டிக் கைவிட்டுடுறாங்க. வெள்ளைக்கழிச்சல் வைரஸ், அதற்குத் தடுப்பூசி மட்டும்தான் வழி. இது குணமாக்கக்கூடிய நோய். இறக்கைக்கு அடியில் உண்ணிக்குஞ்சு இருக்கான்னு ஒரு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

என் வருத்தம் என்னன்னா, கோழியின் உடம்பில் நாம கற்றுக்கொண்ட அந்தக் கணக்கை, அந்த 58-ல் ஒரு பங்கை, கோழிக்கூட்டுக்கே கொண்டு போகலை.

1917-ல் அமெரிக்க வேளாண்மைத் துறை, கோழிப்பேனுக்கு சோடியம் ஃபுளோரைடு பொடியைக் கிள்ளிக் கிள்ளி இறகுக்குள் வைக்கச் சொல்லி விவசாயிகளுக்குப் புத்தகம் போட்டது. பேன் செத்தது உண்மை. ஆனால் அந்தப் பொடி பார்க்க மாவு மாதிரியே இருக்கும். சமையல்கட்டில் மாவென்று நினைத்து எடுத்து விபரீதம் ஆன கதைகள் அந்த நாட்டில் உண்டு. அப்புறம் 40 சதவீத நிகோடின் கரைசல். கோழி உட்காரும் கம்பில் சாயங்காலம் பூசிவிட்டால், உடம்புச் சூட்டில் ஆவியாகி ராத்திரியில் பேனைக் கொல்லும். கெட்டிக்கார யோசனை. கையில் கொட்டிக்கொண்ட மனுஷனையும் அது கொல்லும். அப்புறம் டிடிடி வந்தது. அதன் கதை உங்களுக்கே தெரியும்.

"அதெல்லாம் பழைய காலம் டாக்டர்"ன்னு சொல்வீங்க. 2017 ஆகஸ்ட்டை எடுத்துக்கோங்க. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோடை நடுவில் கடைகளிலிருந்து லட்சக்கணக்கில் முட்டைகளை அள்ளிக் குப்பையில் கொட்டினார்கள். காரணம் சிவப்புச் செள்ளு. பண்ணைகளைச் சுத்தம் செய்யும் ஒரு நிறுவனம், மூலிகை எண்ணெய் மருந்து என்று சொல்லித் தெளித்த ஒன்றில் ஃபிப்ரோனில் கலந்திருந்தது. நாய் உண்ணிக்குக் கழுத்தில் விடுகிற சொட்டு மருந்து, நம்ம ஊரில் நெல்லுக்கு அடிக்கிற மருந்து, ரெண்டிலும் இருக்கிற அதே பொருள்தான். முட்டை போடும் கோழிக்கு அங்கே அது தடை. செள்ளு நன்றாகச் செத்ததால் பண்ணைக்காரர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். மருந்து கோழியின் கொழுப்பில் தங்கி, முட்டை வழியாக ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஹாங்காங் வரைக்கும் போச்சு. நிறுவனத்தை நடத்திய ரெண்டு பேருக்கும் 2021-ல் சிறைத் தண்டனை.

வேடிக்கை பாருங்க, அதே 2017-ல்தான் ஃப்ளூரலானர் என்ற மருந்துக்கு ஐரோப்பாவில் கோழிக்கு அனுமதி கிடைத்தது. குடிதண்ணீரில் அளவாகக் கலந்து ஏழு நாள் இடைவெளியில் ரெண்டு தடவை. செள்ளு ராத்திரி வந்து இரத்தத்தைக் குடிக்கும்போது மருந்தையும் சேர்த்துக் குடித்துச் சாகும். எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடவே வேண்டாம். முட்டையையும் கொட்ட வேண்டியதில்லை என்று சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். எர்லிக் இருந்திருந்தால் ஒரு சுருட்டு பற்ற வைத்திருப்பார்.

சரி, உங்க வீட்டில் நாலு நாட்டுக்கோழி இருக்கு, செள்ளு வந்திருக்கு. என்ன பண்றது?

முதலில் ராத்திரி போங்க. எட்டு மணிக்கு மேல், டார்ச்சோடு. கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கம், சுவர் வெடிப்பு, அடைவைத்த கூடையின் பின்னல் எல்லாம் பாருங்க. ஒரு வெள்ளைத் துணியால் கம்பின் அடியைத் துடைங்க. சிவப்பாகத் தீற்றல் விழுந்தால் செள்ளு இருக்குன்னு அர்த்தம். அடைக்கோழி காரணமில்லாமல் முட்டையை விட்டு எழுந்து போனாலும், கொண்டை வெளுத்தாலும், பாட்டியின் கோழி மாதிரி மரத்தில் ஏறினாலும் கூட்டைச் சந்தேகப்படுங்க.

கோழி மேல் குடியிருக்கிற ஜாதி என்றால் கோழிக்கு வைத்தியம். ராத்திரி வருகிற ஜாதி என்றால் கூட்டுக்கு வைத்தியம். கோழியை மட்டும் குளிப்பாட்டிப் பிரயோஜனம் இல்லை. பழைய வைக்கோலை வெளியே எடுத்துக் கொளுத்துங்க. வெடிப்புகளை மண்ணோ சிமெண்டோ வைத்து அடைச்சு, சுண்ணாம்பு அடிங்க. உட்காரும் கம்பைச் சுவரில் செருகாமல் தனியாகக் காலில் நிறுத்தி, கால்களுக்கு எண்ணெய் ஊற்றிய கிண்ணம் வைங்க. சர்க்கரை டப்பாவுக்கு எறும்பு ஏறாமல் தண்ணித் தட்டு வைக்கிறோமே, அதே தந்திரம். பண்ணைகளில் இடுக்குகளைத் தீச்சுவாலையால் வாட்டுவார்கள், நல்ல முறைதான். கீற்றுக் கொட்டகையில் அதைச் செய்துவிட்டு என்னைத் திட்டாதீங்க.

கால் செள்ளுக்கு வாசலின் அல்லது தேங்காய் எண்ணெயைக் காலில் தடவி வந்தால் செதிலுக்கு அடியில் மூச்சு முட்டிச் சாகும். சில வாரம் விடாமல் தடவணும். கோழி மண்ணில் புரள்வதைத் தடுக்காதீங்க, சாம்பல் கலந்த மண் குழி ஒன்று வெச்சுக் கொடுங்க. மருந்து வேணும் என்றால் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்க. கோழிக்குன்னு உள்ள மருந்தை, கோழியின் அளவில், அவர் சொல்லுவார். எத்தனை நாள் முட்டையும் கறியும் சாப்பிடக் கூடாதுன்னும் கேட்டுக்கோங்க. ஈர் பொரிந்து வரும் என்பதால் ஏழு முதல் பத்து நாளில் இரண்டாவது தடவை போடணும். அந்த இரண்டாவது தடவையைத்தான் எல்லாரும் மறக்கிறாங்க.

மனுஷ வைத்தியனாக ஒரு சேதி. வீட்டில் ராத்திரி மட்டும் அரிப்பு, கையிலும் கழுத்திலும் இடுப்பிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி, சொறி சிரங்கு மருந்து போட்டும் திரும்பத் திரும்ப வருதுன்னா, டாக்டரிடம் "வீட்டுக்குப் பக்கத்துல கோழிக்கூடு இருக்கு"ன்னு சொல்லுங்க. ஜன்னல் மேல் புறா கூடு கட்டியிருந்தாலும் சொல்லுங்க. சிவப்புச் செள்ளு பசித்தால் மனுஷனையும் கடிக்கும். நம்ம மேல் குடியிருக்காது. கூட்டைச் சுத்தம் பண்ணினால் உங்க அரிப்பும் போயிடும். நான் கேட்க மறந்து, ரெண்டு தடவை தப்பு மருந்து எழுதிக் கொடுத்த குடும்பம் ஒன்று உண்டு.

செடிக்கு அடிக்கிற மருந்தைக் கோழிக்கோ கூட்டுக்கோ ஊற்றாதீங்க. மிளகாய்ச் செடி மூச்சு விடுகிற விதம் வேற, உங்க பேரன் மூச்சு விடுகிற விதம் வேற. அந்த மருந்து செள்ளின் நரம்பை எந்த இடத்தில் பிடிக்கிறதோ, அதே இடத்தில்தான் பிள்ளையின் நரம்பையும் பிடிக்கிறது. 58-ல் ஒரு பங்கு இடைவெளியெல்லாம் அங்கே கிடையாது. மீறி யாருக்காவது பட்டுவிட்டால், துணியைக் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்க. உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. மருந்துப் பாட்டிலை மறக்காமல் எடுத்துட்டு வாங்க. அன்னைக்கு அந்தப் பாட்டி பாட்டிலை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். எங்களுக்கு அரை மணி நேரம் மிச்சமாச்சு.

மூணாம் நாள் பையனை வீட்டுக்கு அனுப்பும்போது பாட்டி வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏஞ்சாமி, அன்னைக்குப் பையன் எடுத்த முட்டை பதினொண்ணு கூடையில அப்படியே இருக்கு. அத என்ன பண்றது?"

குழி தோண்டிப் புதைச்சிடுங்க ஆத்தா, நாய்க்குக்கூட வைக்காதீங்கன்னு சொன்னேன். பதினொரு நாட்டுக்கோழி முட்டை. அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்குது.